மேல்கொல்லைக் குரல்

ஐப்பசியில் சாமைக் கதிர் முற்றத் தொடங்கிவிட்டால் வேங்கைப்பட்டியில் பகலில் யாரையும் வீட்டில் பார்க்க முடியாது. விடிந்ததும் ஆளுக்கொரு கொல்லைக்குப் போய்ப் பரண் ஏறிவிடுவார்கள். குருவிக் கூட்டம் ஒருமுறை இறங்கினால் போதும், அரை நாளில் கதிர் வெறும் தாளாகிவிடும்.

மலைச்சரிவில் மொத்தம் ஏழு கொல்லைகள். ஒன்றிலிருந்து மற்றொன்று கண்ணுக்குத் தெரியாது. நடுவில் பாறையும் மரமும் மறைத்துக்கொள்ளும். அதனால் அந்த ஊரில் ஒரு வழக்கம் இருந்தது. பரண் ஏறியதும் கீழ்க்கொல்லைக்காரர் "வேடியப்பா" என்று நீட்டிக் குரல் கொடுப்பார். அடுத்த கொல்லைக்காரர் அதைக் கேட்டு, அதே சாமி பேரைத் தன் குரலில் சொல்லி மேலே அனுப்புவார். ஏழாவது கொல்லைவரை ஏறிப் போய், அந்தக் குரல் திரும்பக் கீழே இறங்கி வரும். பொழுது சாய்வதற்குள் நாலைந்து தடவை இப்படி நடக்கும்.

ஏதாவது ஒரு கொல்லையில் குரல் நின்றுபோனால், பக்கத்துக் கொல்லைக்காரர் கையிலிருக்கும் கவணைப் போட்டுவிட்டுப் போய்ப் பார்க்க வேண்டும். பாம்பு கடித்திருக்கலாம். கரடி வந்திருக்கலாம். காய்ச்சலில் சுருண்டு கிடக்கலாம். ஒன்றுமில்லை, அசந்து தூங்கிப்போய்விட்டார் என்றால் சிரித்துவிட்டுத் திரும்பிவிட வேண்டும். திட்டக் கூடாது. போய்வந்த நேரத்தில் தன் கொல்லையில் குருவி தின்றதைப் பிறகு சொல்லிக்காட்டவும் கூடாது. அது வேடியப்பன் பங்கு என்பார்கள்.

சடையனுக்கு இரண்டு கொல்லைகள். ஓடைக்கரையில் இருந்த கீழ்க்கொல்லையை அவர் பார்த்துக்கொண்டார். ஏழாவதான மேல்கொல்லையை அவருடைய ஒரே மகன் ராஜாக்கண்ணு பார்த்துக்கொண்டான். தகப்பன் தொடங்கும் குரலை மகன்தான் முடித்துத் திருப்பி அனுப்புவான். அதில் சடையனுக்கு வெளியே சொல்லிக்கொள்ளாத ஒரு பெருமை உண்டு.

எழுபத்தெட்டாம் வருஷம் அந்த வரிசையில் ஒரு ரேடியோ வந்து சேர்ந்தது.

ஆலங்காயத்திலிருந்து மலையேறி வந்து புளி வாங்கிப் போகும் ரஹ்மான் பாய்க்காக ராஜாக்கண்ணு இரண்டு பருவம் மரம் உலுக்கினான். மூட்டை கட்டி அடிவாரம்வரை சுமந்தும் கொடுத்தான். கூலி வேண்டாம், பாய் தோளில் மாட்டிக்கொண்டு வரும் பழைய டிரான்சிஸ்டர் போதும் என்று கேட்டு வாங்கிக்கொண்டான். அப்போது அவனுக்குப் பத்தொன்பது வயது. எட்டாவதுவரை படித்திருந்தான். அதற்கு மேல் படிக்க மலையை விட்டு இறங்க வேண்டும். ஒரே பிள்ளையை அனுப்ப அவன் அம்மா பாஞ்சாலைக்கு மனம் வரவில்லை.

அந்தச் சின்னப் பெட்டி வந்த பிறகு அவன் கொஞ்சம் கொஞ்சமாக வேறு ஆளாகிப்போனான். கெட்டுப்போனான் என்று யாரும் சொல்ல முடியாது. வேலையில் குறை வைக்கவில்லை. ஆனால் அவன் பேச்சில் இதுவரை ஊர் கேள்விப்படாத இடங்களும் மனிதர்களும் வந்து புகுந்தார்கள். வங்கக் கடலில் காற்றழுத்தம் என்பான். எத்தனை மில்லிமீட்டர் மழை என்பான். சின்னதம்பி அவனுக்கு 'நியூசு' என்றே பேர் வைத்துவிட்டார். ஆறாவது கொல்லைக்காரரான சின்னதம்பி, சடையனுக்குப் பங்காளி. வாயைத் திறந்தால் கேலிதான்.

"இன்னாடா நியூசு, எங்கூட்டுக்காரி இன்னிக்கி இன்னா கொழம்பு வெப்பான்னு அதுல சொன்னாங்களா?"

ராஜாக்கண்ணு சிரித்துக்கொண்டே போய்விடுவான்.

ரேடியோவை அவன் வைத்துக்கொண்ட விதம் பாஞ்சாலைக்கு வேடிக்கையாக இருக்கும். வெளியே எடுத்துப் போகும்போது துணிப்பையில் சுற்றிக்கொள்வான். பேட்டரிக்கட்டை வலுவிழந்தால் அதை எடுத்துப் பாறைமேல் வெயிலில் காயவைப்பான். காய்ந்ததும் போட்டுப் பார்ப்பான். மறுபடி இரண்டு நாள் பாடும். மறுபடி காயவைப்பான். பாட்டு முடிந்த மறுகணம் ரேடியோவை அணைத்துவிடுவான். நெல்லுச்சோற்றில் ஒரு பருக்கை சிந்தாமல் சாப்பிடுகிறவனைப் போல அவன் அந்தப் பேட்டரியைச் செலவழித்தான்.

சிக்கல் குரலில் தொடங்கியது. பரண்மேல் ரேடியோவைக் காதோரம் வைத்துக்கொண்டு படுத்திருப்பவனுக்கு ஆறாவது கொல்லைக் குரல் விழவில்லை. விழுந்தாலும், செய்தி முடியட்டும் என்று இருந்துவிடுவான். ஒருநாள் காலையில் மேல்கொல்லைக் குரல் வரவில்லையென்று சின்னதம்பி மூச்சு வாங்க ஏறிப் போனார். பையன் மல்லாந்து படுத்து மழை அறிவிப்பு கேட்டுக்கொண்டிருந்தான். சின்னதம்பி சிரித்துவிட்டு வந்தார். நாலு நாள் கழித்து மறுபடி ஏறினார். அன்றைக்கு அவர் திரும்புவதற்குள் குருவிகள் ஆறாவது கொல்லையின் கீழ்மூலையைத் தின்று தீர்த்திருந்தன. வழக்கப்படி அவர் வாயே திறக்கவில்லை. சடையன் அந்தப் பக்கம் போனபோது வெறும் தாளாக நின்ற மூலையைப் பார்த்துத் தாமாகவே தெரிந்துகொண்டார்.

வீட்டுக்கு வந்ததும் மகனைக் கேட்டார். அவன் பணிவாகத்தான் பதில் சொன்னான். ரேடியோ பாடுவது சின்னதம்பி சித்தப்பாவுக்குக் கேட்கும், அது கேட்டாலே தான் இருப்பது தெரியாதா, அதற்குமேல் எதற்குக் கூவ வேண்டும் என்றான். பிறகு சிரித்துக்கொண்டே ஒன்று சேர்த்தான்.

"ஒரு நாளைக்கி அஞ்சு வாட்டி பேர் சொல்லிக் கூப்டணுமா? சாமிக்கு இன்னா காது கேக்காதா?"

"சாமிக்குக் கேக்கும்டா. சின்னதம்பிக்குக் கேக்கணுமில்ல" என்றார் சடையன்.

நல்ல பதில். அந்தப் பதிலோடு அவர் நின்றிருக்கலாம். ஆனால் மனிதனுக்கு நியாயம் தெரிவது வேறு, அவமானம் வந்த நேரத்தில் அந்த நியாயத்தில் நிற்பது வேறு. தன் மகனால் பங்காளியின் விளைச்சல் போய்விட்டதே என்ற கூச்சம் அவரை உள்ளே அரித்துக்கொண்டிருந்தது. அந்த வெள்ளிக்கிழமை சாயங்காலம் வேடியப்பன் கல்லுக்கு விளக்கு வைக்க ஊர் கூடியபோது அவர் எழுந்து நின்றார்.

"மேல்கொல்லையில குரல் வரலன்னா இனிமே யாரும் போய்ப் பாக்க வாணாம். ரேடியோ பாடுதா, அவன் இருக்கான். அவ்ளோதான்."

சாமி முன்னால் சொன்ன சொல்லை அந்த ஊரில் யாரும் மீறுவதில்லை. சின்னதம்பி மட்டும், "இன்னாத்துக்குணா இதெல்லாம், சின்னப் பையன்" என்று இழுத்தார். சடையன் விளக்குத் திரியைத் தூண்டுவதுபோலத் திரும்பிக்கொண்டார். கூட்டத்தின் ஓரத்தில் நின்ற ராஜாக்கண்ணு தலையைக் குனிந்தபடி நடந்து போனான். அதன்பிறகு தகப்பனும் மகனும் பேசிக்கொள்ளவில்லை. ஒரே பானைச் சோற்றை வேறு வேறு நேரத்தில் சாப்பிட்டார்கள்.

ஆறு நாள் அப்படிப் போயிற்று. மறுநாள் பாஞ்சாலை, தங்கைக்குப் பிள்ளை பிறந்திருக்கிறது என்று சேதி வந்து, அடுத்த பட்டிக்குப் போயிருந்தாள். அதனால் மேல்கொல்லைக்குக் கூழ் கொண்டுபோகும் வேலை சடையனிடம் வந்தது.

வெயில் ஏறிய பிறகு அவர் தூக்குச் சட்டியோடு மேலே போனார். கொல்லை ஓரத்தில் ஒரு வேங்கை மரம். பாஞ்சாலை அங்கே நின்று கூப்பிட்டால் பையன் பரணிலிருந்து இறங்கி வருவான். இவர் கூப்பிடவில்லை. தாழ்ந்த கிளையில் தூக்கை மாட்டினார். மூடியை இரண்டு தடவை தட்டினார். பரண்மேலிருந்து ரேடியோவின் சத்தம் மட்டும் வந்தது. பாட்டோ பேச்சோ இல்லை. சருகில் மழை விழுவதுபோல வெறும் இரைச்சல்.

பாட்டில்லாத இரைச்சலைக்கூடக் கேட்டுக்கொண்டு படுத்திருக்கிறான், அப்பன் வந்து நிற்பது காதில் விழவில்லை என்று நினைத்தார். மனம் கசந்தது. சாமைக் கதிரில் குருவிகள் உட்கார்ந்திருந்ததைப் பார்த்தார். அதற்கும் கோபப்பட்டார். இன்னும் கொஞ்ச நேரம் நின்றார். யார் முதலில் பேசுவது என்பதுதான் அந்த நேரத்தில் அவருக்குப் பெரிதாக இருந்தது. பிறகு திரும்பி இறங்கிப் போய்விட்டார்.

ராஜாக்கண்ணு அவர் நின்ற இடத்துக்கு நாற்பதடி தூரத்தில், பரணுக்கு அந்தப் பக்கம், பாறை இடுக்கில் கிடந்தான். விடிந்து கொஞ்ச நேரத்திலேயே ஏணிப்படி ஒடிந்து விழுந்திருக்கிறான். முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்து, பாறை விளிம்பு சதையைக் கிழித்திருந்தது. எழுந்திருக்க முடியவில்லை. குரல் கொடுத்துப் பார்த்திருக்கிறான். தலைக்கு மேலே ரேடியோ உரக்கப் பாடிக்கொண்டிருந்தது. அதை அணைக்க அவனுக்குக் கை எட்டவில்லை. பாட்டு நின்று வெறும் இரைச்சலானபோது அவன் குரல் கம்மிப்போயிருந்தது.

உச்சிப்பொழுதுக்கு முன்னால் ரஹ்மான் பாய் அந்த வழியாக வந்தார். ஆலங்காயத்துப் பாதை மேல்கொல்லையை ஒட்டித்தான் ஏறும். புளியம்பிஞ்சு எப்படி இருக்கிறது என்று பார்க்க வந்தவர், பையனுக்கென்று இரண்டு புதுப் பேட்டரிக்கட்டை வாங்கி ஜிப்பாப் பையில் போட்டுக்கொண்டு வந்திருந்தார். யாரும் அவரிடம் கேட்கவில்லை. வெயிலில் காயவைத்துக் காயவைத்துப் போடுகிறானே என்று அவருக்கே தோன்றியிருக்கிறது.

வேங்கை மரத்தடியில் அவரும் அந்த இரைச்சலைக் கேட்டார். காலை ஒலிபரப்பு முடிந்து வெகுநேரம் ஆகிவிட்டது என்பது அவருக்குத் தெரியும். மறுபடி நிலையம் திறக்க மதியம் ஆகும். பாட்டு முடிந்தால் ஒரு நொடி தாமதிக்காமல் அணைத்துவிடுகிற பையன், இத்தனை நேரம் வெறும் இரைச்சலுக்குப் பேட்டரியைத் தின்னக் கொடுக்க மாட்டான். கிளையில் தொங்கிய தூக்கில் எறும்பு ஏறியிருந்தது. அவர் செருப்பைக்கூடக் கழற்றாமல் சாமைக்குள் இறங்கி ஓடினார்.

தோள்துண்டால் காலை இறுகக் கட்டிவிட்டு அவர்தான் கத்தினார். வேறெதுவும் தோன்றாமல், அந்தச் சரிவில் எத்தனையோ தடவை கேட்ட அதே பேரைச் சொல்லிக் கத்தினார். வேடியப்பா என்று புதுக்குரல் ஒன்று மேல்கொல்லையிலிருந்து வந்ததும் சின்னதம்பி கவணைப் போட்டுவிட்டு ஓடினார். அங்கிருந்து குரல் கொல்லை கொல்லையாக இறங்கி ஓடைக்கரைக்கு வந்து சேர்ந்தது.

மூங்கிலில் போர்வையைக் கட்டித் தூளியாக்கிப் படுக்க வைத்தார்கள். நாலு பேர் மாறி மாறித் தூக்கினார்கள். சடையன் ஓரிடத்திலும் தோள் மாற்றிக்கொள்ளவில்லை. அடிவாரம் சேர்ந்தபோது ராஜாக்கண்ணு உடம்பில் ரத்தமே இல்லாதவன்போல வெளுத்துக் கிடந்தான். ஆலங்காயத்தில் பாய் ஒரு லாரியைப் பிடித்தார். பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரும்போது விளக்கு ஏற்றிவிட்டார்கள். உயிருக்கு ஒன்றுமில்லை, கால் பிழைக்காது என்றார் டாக்டர். இன்னும் ஒன்றிரண்டு மணி நேரம் முன்னால் கொண்டுவந்திருந்தால் முயற்சி செய்து பார்த்திருக்கலாம் என்று, சாதாரணமாக, அடுத்த கட்டிலுக்குப் போகிற வழியில் சொன்னார்.

சடையன் படித்தவரில்லை. ஆனாலும் அந்த ஒன்றிரண்டு மணி நேரம் எங்கே போயிற்று என்று அவருக்குத் தெரிந்தது.

மூன்றாம் நாள் ரஹ்மான் பாய் ரொட்டியும் வாழைப்பழமும் வாங்கிக்கொண்டு வந்தார். இருவரும் ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் உட்கார்ந்திருந்தார்கள்.

"நான் குடுத்த சனியன், கவுண்டரே" என்றார் பாய். "அது இல்லாட்டி புள்ள கூப்ட்டது யாருக்காச்சும் கேட்டிருக்கும். அல்லா எனக்கு இத எந்தக் கணக்குல எழுதுவானோ."

சடையன் தலையை ஆட்டினார். "அதும்மேல பழி போடாதீங்க பாய். அது பாடாம இரைஞ்சப்ப ஒங்களுக்குத் தெரிஞ்சுது. எனக்குத் தெரியல."

பாய் சீப்பிலிருந்து ஒரு பழத்தைப் பிய்த்தார். பிறகு, மனதில் கள்ளமில்லாத மனிதர் கேட்பதுபோலக் கேட்டார்.

"ஒண்ணு கேக்கணும்னு இருந்தேன். நான் போய்த் தொட்டதும் கண்ணத் தொறந்தான். மொத வார்த்த, 'அப்பா போய்ட்டாரா'ன்னான். எனக்கு ஒண்ணும் புரியல. நீங்க அங்க வந்திருந்தீங்களா?"

சடையன் கையிலிருந்த ரொட்டியைத் துண்டில் முடிந்தார், அவிழ்த்தார், மறுபடி முடிந்தார். பாய் அதைப் பார்த்துவிட்டு, கேட்டிருக்கக் கூடாது என்று தெரிந்துகொண்டு, பழத்தை உரித்து அவர் கையில் வைத்தார். அந்தப் பேச்சை அவர் அதன்பிறகு எடுக்கவே இல்லை.

அன்று சாயங்காலம் சடையன் மகனின் கட்டிலருகே போய் நின்றார். கம்பளிக்குள் ஒரு கால் இருக்க வேண்டிய இடம் தட்டையாகக் கிடந்தது.

"கண்ணு, அன்னிக்கி நான் கூழு கொண்டாந்தேன்" என்றார்.

ராஜாக்கண்ணு அவரைப் பார்த்தான். அந்தப் பார்வையைச் சடையன் சாகும்வரை மறக்கவில்லை. அதில் ஒரு கேள்வி எழுந்து, பிறகு தானே அடங்கியது.

"அப்டியா? எனக்கு நெனவே இல்லப்பா. வுழுந்ததும் மயக்கமாய்ட்டேன். பாய் வந்து தண்ணி தெளிச்சப்பதான் முழிச்சேன்."

"மூடிய தட்னேன்."

"எனக்குக் கேக்கலப்பா. நீ சாப்ட்டியா?"

அவன் பொய் சொல்கிறான் என்று அவருக்குத் தெரியும். அவருக்குத் தெரியும் என்பது அவனுக்குத் தெரியாது. தூக்கு மாட்டும் சத்தத்தையும் மூடி தட்டும் சத்தத்தையும் காதால் கேட்டுக்கொண்டு, அடித்தொண்டையில் கூப்பிட்டுக்கொண்டு, காலடி இறங்கிப் போவதையும் கேட்டபடி கிடந்த பிள்ளை, தகப்பன் நிம்மதியாகத் தூங்கட்டும் என்று அதைத் தனக்குள் போட்டுப் புதைத்துக்கொண்டான். ரேடியோவால் வேறு ஆளாகிவிட்டான் என்று ஊர் நினைத்த பிள்ளை அவன். இந்தக் கருணையை அவனுக்கு யார் சொல்லிக் கொடுத்தார்கள் என்று சடையன் பலநாள் யோசித்தார். தான் சொல்லிக் கொடுக்கவில்லை என்பது மட்டும் உறுதியாகத் தெரிந்தது.

அடுத்த வருஷம் ஐப்பசி முதல் வெள்ளியன்று, வேடியப்பன் கல் முன்னால் சடையன் மறுபடி எழுந்து நின்றார். கையில் சூடத்தட்டு இருந்தது. போன வருஷம் இதே இடத்தில் தான் சொன்ன சொல்லைத் திருப்பி எடுத்துக்கொள்கிறேன் என்றார். இனி யார் கொல்லையில் எது பாடினாலும், எது பேசினாலும், ஆள் குரல் வராவிட்டால் போய்ப் பார்க்க வேண்டும் என்று ஒவ்வொருவர் முன்னாலும் போய்க் கைகூப்பிக் கேட்டுக்கொண்டார். ஊரில் யாரும் யாரையும் அப்படிக் கும்பிட்டதில்லை. எல்லோருக்கும் சங்கடமாக இருந்தது.

சின்னதம்பியின் முறை வந்தபோது அந்தக் கேலிக்கார மனிதர் அழுதுவிட்டார்.

"அன்னிக்கி ரெண்டு அடி வெச்சேன்ணா. குரலு வரலையே, போலாம்னு. ரேடியோ பாடுச்சு. நீ சொன்னது நெனப்பு வந்துச்சு. நின்னுட்டேன்."

சடையன் அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

அந்த வருஷத்திலிருந்து மேல்கொல்லைக்குச் சடையன் போனார். பரண் ஏற முடியாத ராஜாக்கண்ணுவுக்காகக் கீழ்க்கொல்லை ஓரத்தில் ஒரு சின்னக் குடிசை போட்டுக் கொடுத்தார்கள். ஊன்றுகோலைச் சாய்த்து வைத்துவிட்டு அவன் அங்கே உட்கார்ந்து தகரத்தைத் தட்டிக் குருவி ஓட்டுவான். பக்கத்தில் ரேடியோ இருக்கும். பேட்டரிக்கட்டையை ரஹ்மான் பாய் வந்துபோகும்போதெல்லாம் மறக்காமல் கொடுத்துவிட்டுப் போவார். இப்போது குரலைத் தொடங்குவது மகன். அதை முடித்துத் திருப்பி அனுப்புவது தகப்பன். குரல் கொடுக்கும் நேரம் வந்தால் செய்தி பாதியில் இருந்தாலும் அவன் அதை அணைத்துவிடுவான். யாரும் அவனுக்கு அதைச் சொல்லவில்லை.

ஆனால் குரல் சரியாக வந்து போனாலும் சடையனுக்குப் போதவில்லை. நாளில் இரண்டு மூன்று தடவை, நடுவிலுள்ள ஐந்து கொல்லைகளையும் தாண்டி இறங்கி வந்து குடிசை வாசலில் நிற்பார். அவருக்கு ரேடியோவைப் பற்றி ஒன்றும் தெரியாது. ஏதாவது கேட்க வேண்டுமே என்று கேட்பார்.

"மழ வருமா கண்ணு?"

"நாளன்னிக்கி வரும்னு சொல்றாங்கப்பா."

"செரி, வர்றேன்."

அவ்வளவுதான் பேச்சு. அந்த நேரத்தில் மேல்கொல்லையில் குருவிகள் இறங்கியிருக்கும். திரும்பி ஏறிப் போய்ப் பார்த்தால் ஒரு மூலை தாளாக நிற்கும். வேடியப்பன் பங்கு என்று சொல்லிக்கொள்வார். அவர் எதற்காக இத்தனை தூரம் இறங்கி வருகிறார் என்று ராஜாக்கண்ணு ஒருநாளும் கேட்டதில்லை. கேட்டிருந்தால் சடையன் சொல்லியிருப்பார். அன்றைக்கு நீ பாயிடம் கேட்டது எனக்குத் தெரியும் என்று சொல்லிவிட வேண்டும், ஒவ்வொரு தடவையும் அப்படி நினைத்துக்கொண்டுதான் அவர் இறங்கி வந்தார். ஓடைக்கரையில் அவர் காலடிச் சத்தம் கேட்டதும் பையன் ரேடியோவை அணைத்துவிட்டு, அவர் வந்து சேர்வதற்கு முன்பே, "வாப்பா" என்று குரல் கொடுத்துவிடுவான். அதைக் கேட்ட பிறகு அவருக்கு மழையைப் பற்றித்தான் கேட்க முடிந்தது.